அடியும் வசவும் இல்லாத கதையில் பாகுபாடு எங்கே இருக்கிறது?

கேள்வி (எழுதியவர்: ஆற்றங்கரை)

எங்கள் வாசகர் வட்டத்தில் சென்ற ஞாயிற்றுக்கிழமை எழுத்தாளர் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையைப் படித்துப் பேசினோம். 1988இல் வெளிவந்த அதே பெயருள்ள தொகுப்பின் தலைப்புக் கதை அது. மூத்த உறுப்பினர் ஒருவர், “இதில் யாரும் மருமகளை அடிக்கவில்லை, வரதட்சணை கேட்டு வாட்டவில்லை, மாமனார் ருசியாகச் சாப்பிட விரும்புகிறார், அவ்வளவுதானே? இதை ஏன் பெண்ணியக் கதை என்கிறோம்?” என்று கேட்டார். அவர் குதர்க்கமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு அது புலப்படவில்லை. கதை என்னை மிகவும் பாதித்திருந்தும் என்னால் விளக்கிச் சொல்ல முடியாமல் போயிற்று. இத்தகைய கதைகளை எப்படி வாசிப்பது?

மறுமொழி 1 (எழுதியவர்: தறிநூல்)

அந்தக் கதையில் வரும் கொடிக்கயிற்றை அவருக்குக் காட்டுங்கள். ராஜஸ்தானத்துப் பெரிய வீடு அது. சமையலறை மட்டும் நெருக்கடியாக, பின்னால் சேர்த்து வைத்ததுபோல் இருக்கிறது. வெளியே பச்சை மலை. தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி, சமையலறையை ஒட்டிய தாழ்வாரத்தை அகலப்படுத்தலாம் என்று மாமனாரிடம் யோசனை சொல்கிறாள். அவர் கோபித்துக் கத்துவதில்லை. சில நாட்களில் அந்தத் தாழ்வாரத்தில் கயிறு கட்டப்படுகிறது, துணிகள் காய்கின்றன, மலை மறைந்துவிடுகிறது. மறுப்பு என்று ஒரு சொல்லும் இல்லாமல் மறுப்பு நடந்து முடிந்துவிடுகிறது. அன்றாடப் பாகுபாடு பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகிறது என்பதால், அதை எழுதும் கதைக்கும் பெரிய சம்பவம் தேவைப்படுவதில்லை. எந்தப் பொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யார் முதலில் உட்காருகிறார்கள், எந்த அறைக்கு வெளிச்சம் வருகிறது என்பவற்றைப் பார்க்கும் கண்தான் தேவை. வன்முறையைத் தேடிப் படித்தால் இந்தக் கதை கைக்குள் அகப்படாமல் நழுவிவிடும்.

மறுமொழி 2 (எழுதியவர்: செங்காந்தள்)

இதனுடன் அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையையும் சேர்த்துப் படியுங்கள். முதன்முறை பூப்படைந்த சிறுமி, ஊருக்குப் போயிருக்கும் தாய் திரும்பி வந்து தன்னை அணைத்து அழகாக ஏதாவது சொல்வாள் என்று ஏங்கிக் காத்திருக்கிறாள். தாயோ, உறவுக்காரப் பெண்ணைக் கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் ஒதுக்கிய துயரத்தைச் சுமந்துகொண்டு வருகிறாள். வந்ததும் மகளின் வளர்ச்சியைப் பாரமாக எண்ணிச் சலித்துக்கொள்கிறாள். தலைப்பில் உள்ள கொலை அந்தச் சலிப்புதான். இங்கே தாய் கொடியவள் அல்லள் என்பதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். யாரோ ஒரு மணமகனின் வீட்டில் செய்யப்பட்ட நிராகரிப்பு, அன்பான தாயின் வாய்வழியாக இன்னொரு சிறுமியை வந்தடைகிறது. ‘பெண்ணுக்குப் பெண்தான் எதிரி’ என்று சொல்லி நகர்ந்துவிடுபவர்கள் இந்தப் பயணப் பாதையைக் கவனிப்பதில்லை.

மறுமொழி 3 (எழுதியவர்: கரிசல்)

இரு கருத்துகளும் சரியே. ஆனால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சாவிக்கொத்தும் சரக்கு நிறைந்த சமையலறையும் உள்ள வீட்டுப் பெண்ணின் அனுபவத்தையே எல்லாப் பெண்களின் அனுபவமாகக் கொள்ளக் கூடாது. எழுத்தாளர் பாமாவின் ‘சங்கதி’ நாவல் 1994இல் வந்தது. அதில் வரும் தலித் பெண்கள் ஆண்களுக்கு இணையாக வயல்காட்டில் உழைத்தும் குறைந்த கூலி பெறுகிறார்கள். வீட்டில் பாட்டியே பேரனுக்குக் கொடுப்பதைப் பேத்திக்குக் கொடுப்பதில்லை. நிலவுடைமையாளர் ஒரு பெண்ணிடம் தவறாக நடக்க முயன்றால், அவரைக் கேட்காமல் அந்தப் பெண்ணையே நிறுத்தி விசாரித்துத் தண்டம் போடுகிறது ஊர்க்கூட்டம். அங்கே சாதியும் ஆண் அதிகாரமும் ஒரே கையாக வந்து விழுகின்றன. அந்தப் பெண்கள் அதைப் பேச்சுவழக்கில், வசவோடும் பாட்டோடும் சிரிப்போடும் எதிர்கொள்கிறார்கள். அந்த மொழியைத் திருத்திப் படிக்காமல் அப்படியே உரக்க வாசியுங்கள். பாதி விளக்கம் அதிலேயே கிடைத்துவிடும்.

கேள்வி கேட்டவரின் பதில் (ஆற்றங்கரை)

மூவருக்கும் நன்றி. கொடிக்கயிறு பற்றிய குறிப்பைப் படித்த பிறகு எங்கள் வீட்டுச் சமையலறையில் சிறிது நேரம் நின்று பார்த்தேன். இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை; சன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது; மின்விசிறிக்கு இணைப்பே கொடுக்கப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டின் வரைபடத்தை மேசையில் விரித்து அப்பாவும் பொறியாளரும் நானும்தான் முடிவு செய்தோம். அம்மா மூன்று டம்ளர் காபியை வைத்துவிட்டு உள்ளே போனார். அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பது நேற்று வரை எனக்கு நினைவிலேயே இல்லை. ‘சங்கதி’யை அடுத்த மாத வாசிப்புக்கு முன்மொழியப் போகிறேன், இந்த வரைபடத்தைப் பற்றியும் அந்த மூத்த உறுப்பினரிடம் சொல்வேன்.