எட்டுப் பக்க இடுப்புவலி வழிகாட்டி: நம்பலாமா?

ஐந்துரோடு பிசியோ:
சேலத்தில் சென்ற வாரம் நடந்த ஒரு கூட்டத்தில் இடுப்புவலிக்கென்று எட்டுப் பக்கச் சிகிச்சை வழிகாட்டி கொடுத்தார்கள். தேதி இல்லை. எந்த ஆய்வுகளைத் தேடினார்கள், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கடைசிப் பக்கத்தில் அல்ட்ராசவுண்ட் (ஒலியலைச் சிகிச்சை) இயந்திரம் விற்பவருக்கு நன்றி மட்டும் இருக்கிறது. வழிகாட்டிகளை எடைபோடும் அக்ரீ 2 கருவியை எடுத்தேன்: ஆறு பிரிவுகளில் 23 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். உருவாக்கிய முறையைச் சோதிக்கும் 8 கேள்விகளில் ஏழுக்கு 1தான் போட முடிந்தது. குப்பையில் போடுங்கள்.

அம்மாப்பேட்டை மூத்தவர்:
தம்பி, பொறுங்கள். குழித்தறியில் கால் தொங்க உட்கார்ந்து நெய்பவருக்கு என்ன பயிற்சி என்று தமிழில் படம் போட்ட தாளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டியில் தறி உண்டா?

ஐந்துரோடு பிசியோ:
இல்லை சார். படங்களுக்காகத் தெளிவுக்கு 7 போட்டேன். ஆனால் ஆறு பிரிவுகளையும் கூட்டி ஒரே எண்ணாக்கக் கூடாது; அழகு ஓட்டையை அடைக்காது. 2016இல் நைஸ், இடுப்புவலிக்கு அல்ட்ராசவுண்ட், டென்ஸ் (தோல்வழி மின்தூண்டல்), இடுப்பை இழுக்கும் இழுவை மூன்றும் வேண்டாம் என்றது. இந்தத் தாள் முதலில் வைப்பதே அல்ட்ராசவுண்டைத்தான். நன்றி யாருக்கு என்று மறுபடி பாருங்கள்.

அம்மாப்பேட்டை மூத்தவர்:
அதே நைஸ் 2009இல் அக்குபஞ்சர் தரலாம் என்றது, 2016இல் வேண்டாம் என்றது.

ஐந்துரோடு பிசியோ:
காரணம் எழுதிவைத்து மாற்றினார்கள். தேதியே இல்லாத தாளை யார் மாற்றுவது?

கொலுசுப் பட்டறை, சிவதாபுரம்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நாள் முழுக்கக் குனிந்து பற்றவைக்கும் வேலை எங்களுக்கு. என் அண்ணனுக்குப் பத்து நாள் இடுப்பை இழுத்தார்கள். பத்து நாள் கூலியும் போனது. இதையெல்லாம் எழுதுகிறவர்கள் எங்களைக் கேட்கிறார்களா?

ஐந்துரோடு பிசியோ:
நோயாளிகளின் கருத்தைக் கேட்டார்களா என்றே ஒரு கேள்வி இருக்கிறது அண்ணா. இந்தத் தாளுக்கு அதிலும் 1.

அம்மாப்பேட்டை மூத்தவர்:
நைஸ் கேட்டிருக்கும், சிவதாபுரத்துக்காரரை அல்ல. அதற்கு எந்தக் கேள்வியில் மதிப்பெண் குறைப்பீர்கள்? நன்றிப் பக்கத்தை நான் கவனிக்காதது தவறுதான். படங்களை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஆனால் குறைந்தது இருவர், முடிந்தால் நால்வர் தனித்தனியாக மதிப்பிட வேண்டும் என்று அக்ரீயே சொல்கிறது. தனியாளாகப் போட்ட எண்களை வைத்தா குப்பைக்கு அனுப்பினீர்கள்? ஞாயிறு காலை நானும் போடுகிறேன். மிச்ச எண்களை அதுவரை வெளியிடாதீர்கள்.

ஐந்துரோடு பிசியோ:
சரி சார். பாதியை ஏற்கெனவே உளறிவிட்டேன்.