மலைக் கிராமத்துக் குழந்தைக்குக் காணொளிப் பயிற்சி போதுமா?

செம்மடுவு அம்மா:
வணக்கம். என் பையனுக்கு 5 வயது, ஆட்டிசம். இன்னும் பேச்சு வரவில்லை. ஸ்பீச் தெரபிக்காக வாரம் இரண்டு நாள் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்குகிறோம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, கீழே போய்ச் சேர்வதற்குள் துவண்டுவிடுகிறான். தெரபி நேரத்தில் பாதி அழுகையிலேயே போய்விடுகிறது. காப்பிப் பழம் பறிக்கும் சீசனில் வீட்டுக்காரர் கூட வந்தால் அன்றைய கூலி கிடையாது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "இவ்வளவு அலைச்சல் எதற்கு? எல்லாம் யூடியூபில் இருக்கிறது, பார்த்து வீட்டிலேயே செய்யுங்கள்" என்கிறார். இன்னொருவர் கூடவே கூடாது என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கருப்பூர் கண்ணன்:
தாராளமாகச் செய்யலாம்மா. என் மகனுக்கு 11 வயது, அறிவுசார் குறைபாடு. அவனுக்குச் சட்டைப் பித்தான் போடக் கற்றுக்கொடுத்ததே ஒரு காணொளியைப் பார்த்துத்தான். மேலே உள்ள பித்தான்களை நாமே போட்டுவிட வேண்டும். கடைசிப் பித்தானையும் பாதி துளைக்குள் நுழைத்துவிட்டு, இழுக்கிற வேலையை மட்டும் பிள்ளையிடம் விட வேண்டும். இழுத்ததும் சட்டை போட்டு முடித்தது அவன்தான் என்றாகிவிடும். அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் அவனே சட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். அப்புறம் ஒவ்வொரு பித்தானாக மேலே போக வேண்டியதுதான். நாம் அவன் முதுகுப் பக்கம் உட்கார்ந்து கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். எதிரே உட்கார்ந்தால் இடது வலது மாறிக் குழம்புவான். இதை நாங்கள் போய்வந்த எந்த மையத்திலும் சொல்லித் தரவில்லை. பெற்றோரை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். கேட்டால் "நல்லா பண்றான் சார்" என்பதோடு சரி.

அம்மாபேட்டை டீச்சர்:
நான் சிறப்பாசிரியர். கண்ணன் சார் சொன்ன பித்தான் முறை சரியானது, நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். பெற்றோரை வெளியே உட்கார வைப்பது தப்பு என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதை வைத்து "எல்லாம் யூடியூபில் இருக்கிறது" என்று முடிவுகட்டாதீர்கள்.

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தையின் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா அவளை மடியில் மல்லாக்கப் போட்டு, தலை பின்னால் தொங்க, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் பார்த்துப் பழகிய காணொளியில் தவறே இல்லை. அதிலிருந்த குழந்தைக்குக் கழுத்து நின்றது, இவளுக்கு நிற்கவில்லை. தலை பின்னுக்குச் சாய்ந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஓயாத சளி, காய்ச்சல் என்று மருந்து வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். முதுகுக்கு அண்டக் கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்து, தாடை கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி தலையைப் பிடித்து, கரண்டியை எதிரே கீழிருந்து கொண்டுபோகச் சொன்னேன். பேசி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்கு ஒருவர் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

கருப்பூர் கண்ணன்:
டீச்சர், ஊட்டுவது உயிர் சம்பந்தப்பட்டது, அதில் விளையாடக் கூடாதுதான். ஆனால் இந்தம்மாவின் பையன் நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை. அவனுக்கு வேண்டியது, நினைப்பதைச் சொல்ல ஒரு வழி. ஸ்பெயினின் அரகோன் மாகாண அரசு நடத்தும் அராசாக் தளத்தில், பேச்சுக்குப் பதிலாகக் காட்டுகிற ஆயிரக்கணக்கான படங்கள் இலவசம். வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதவரை இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம், அடியில் தமிழில் பெயர் எழுதினால் போதும். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் படத்தைத் தொட்டால் தமிழிலேயே பேசும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் கிடக்கின்றன. இவ்வளவும் கையிலிருக்கும்போது பிள்ளையை வாந்தியோடு பஸ்ஸில் இழுத்தடிப்பது என்ன நியாயம்?

அம்மாபேட்டை டீச்சர்:
படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்படும் பெற்றோர் நிறைய. அப்படி ஆகாது என்று ஆய்வுகள் தெளிவாகச் சொல்லிவிட்டன. ஆகவே பட அட்டைகளுக்கு நானும் ஓட்டுப் போடுகிறேன். ஆனால் இறக்கிய படத்தைவிட வீட்டுச் சாமானின் போட்டோ முதலில் நல்லது. அவன் தண்ணீர் குடிக்கிற அதே டம்ளர், அவன் ஏறுகிற அதே பஸ். அட்டையை நாம் தூக்கிக் காட்டி "இது என்ன" என்று கேட்பது பயிற்சி ஆகாது. அவன் அதை எடுத்து நம் கையில் கொடுக்க வேண்டும், கொடுத்த உடனே தண்ணீர் கிடைக்க வேண்டும்.

அடுத்து என்ன என்பதுதான் கஷ்டம். பிள்ளைக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்று பார்க்க, சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸ் அமைப்பு உருவாக்கிய எம்.டி.பி.எஸ். என்ற பட்டியலில் 18 பகுதிகள், 360 செயல்கள், ஒவ்வொரு பகுதியிலும் சுலபத்திலிருந்து கடினத்துக்கு. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை எதில் நிற்கிறது என்று அதில் குறித்துக்கொண்டு அடுத்த படியை எடுப்போம். யூடியூப் அப்படிப் படிப்படியாகவா காட்டுகிறது? ஆட்டிசம் என்று தேடினால் அடுத்ததாக ஸ்டெம்செல் சிகிச்சை என்று ஒன்று வந்து நிற்கும். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்துப் போய்வந்த குடும்பம் எனக்குத் தெரியும்.

கொண்டலாம்பட்டி செல்வி:
இரண்டு பேருமே முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். இந்தக் குழந்தைக்கு ஆசிரியர் என்பது சலுகை இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாத 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாமே "காணொளி போதும்" என்று பேசினால், மலைக்கு ஆள் போட வேண்டியவர்கள் லிங்க் அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிவிடுவார்கள். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்பு என்ற பெயரில் இந்தப் பிள்ளைகள் என்ன பட்டார்கள் என்று பார்த்தோமே.

நாகலூர் வாத்தியார்:
செல்விம்மா சொல்வது நியாயம். ஆனால் ஆள் வரும்வரை அந்தப் பையன் வளராமல் காத்திருக்க மாட்டான். நான் சாதாரண இடைநிலை ஆசிரியர், சிறப்புக் கல்வி படித்தவன் இல்லை. இங்கே பல ஊர்களில் வீட்டுக்குள் டவர் கிடைக்காது, மழை வந்தால் கரண்டும் போகும். அதனால் நெட்டில் நேரடியாக ஓடுகிற காணொளி எங்களுக்கு உதவாது. டவுனுக்குப் போகும்போது இறக்கி, மெமரி கார்டில் போட்டு அம்மாக்களுக்குக் கொடுக்கிறேன். அவர்கள் வீட்டில் செய்வதை ஒரு நிமிடம் போனில் எடுத்துத் தருவார்கள். டவர் கிடைக்கிற மேட்டில் நின்று வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியருக்கு அனுப்புவேன். "கையை விடுங்கள், அவளே பிடிக்கட்டும்" என்று பதில் குரல் வரும். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும். மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் கிராமங்களில் செயலியை வைத்துச் செய்வதும் இதே வழிதான். களப்பணியாளர் வீட்டுக்குப் போகிறார், நிபுணர் தூரத்திலிருந்து வழிகாட்டுகிறார்.

கருப்பூர் கண்ணன்:
வாத்தியார் சொல்வது எனக்கும் சம்மதம். ஆனால் பதில் குரல் வரவில்லை என்றால் அந்த அம்மா சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. விளையாட்டு, உடை, அட்டை இதற்கெல்லாம் யார் அனுமதியும் வேண்டாம் என்பேன்.

கொண்டலாம்பட்டி செல்வி:
மெமரி கார்டு ஓடட்டும் சார், சிறப்பாசிரியர் கேட்டு மனுவும் ஓடட்டும். அம்மா, 6 வயதுக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளின் குறைபாடுகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்பும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டம் பிறந்ததிலிருந்து 18 வயது வரைக்கும் உண்டு. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆட்டிசம் வரும், வருடத்துக்கு 1 லட்சம் வரை, தெரபிச் செலவும் சேர்த்து.

செம்மடுவு அம்மா:
யுடிஐடி அட்டை எடுத்துவிட்டோம் மேடம். நிராமயா கேள்விப்பட்டதே இல்லை, விசாரிக்கிறேன். டீச்சர், வாரம் இரண்டு நாளை மாதம் இரண்டு நாளாகக் குறைத்துவிட்டு, மற்ற நாளில் டம்ளர் போட்டோவில் தொடங்கலாமா?

அம்மாபேட்டை டீச்சர்:
தொடங்குங்கள். ஆனால் எத்தனை நாள் குறைப்பது என்பதை அவனை நேரில் பார்க்கிற தெரபிஸ்டிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அடுத்த முறை உள்ளே உட்கார அனுமதி கேளுங்கள், மறுத்தால் வேறு இடம் பார்க்கலாம். டம்ளரை அவனுக்குத் தெரிகிற, ஆனால் எட்டாத உயரத்தில் வையுங்கள், அட்டை கைக்கு எட்டட்டும். அவன் என்ன செய்கிறான் என்று வீட்டுக்காரரைப் பக்கவாட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், அவன் முகமும் உங்கள் கையும் சேர்ந்து தெரிய வேண்டும். அதைக் குழுவில் போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது எதையும் படம் எடுக்காதீர்கள்.