பிரிண்டரை மாற்றினது யார்?

மட்டக்களப்பு டவுன்காரன்:
எங்கள் கந்தோரில் ஒரே கொம்பியூட்டர், நாலு பேர். கடிதங்களுக்கு லேசர் பிரிண்டர், பற்றுச்சீட்டுக்குப் பழைய டொட் மெட்ரிக்ஸ். போன மாதம் 18 பக்க அறிக்கை ஒன்றை அவசரமாக அடிக்கக் கொடுத்தேன். லேசர் சும்மா கிடக்கிறது. மூலையில் டொட் மெட்ரிக்ஸ் கிறீச் கிறீச்சென்று பற்றுச்சீட்டுத் தாளில் அறிக்கையை அடித்துத் தள்ளுகிறது! கேன்சல் கொடுத்தும் நிற்கவில்லை, வயரைத்தான் பிடுங்கினேன். "தம்பி, நீங்கதான் எதையோ நோண்டிப் போட்டீங்க" என்றா காசாளர் அக்கா. நான் அவவைச் சந்தேகப்பட்டேன்.

பார்த்தால் இது வின்டோஸ் 10 பார்த்த வேலை. 2015 நவம்பர் அப்டேட்டிலிருந்து, கடைசியாக எதில் அடித்தோமோ அதையே டிஃபோல்ட், அதாவது நாம் தெரிவு செய்யாவிட்டால் தானாக அடிக்கிற பிரிண்டர், ஆக்கிவிடுமாம். முதல் நாள் பின்னேரம் ஒரு பற்றுச்சீட்டு அடித்தது நான்தான். ஆக, அக்கா சொன்னது பாதி சரி.

செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அன்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் 'லெட் வின்டோஸ் மேனேஜ் மை டிஃபோல்ட் பிரிண்டர்' என்பதில் இருந்த சரியை எடுத்துவிட்டு, லேசரை டிஃபோல்ட் ஆக்கினேன். மறுகா என்ன, அடுத்த நாள் அக்காவின் பற்றுச்சீட்டு ஏ4 தாளில் லேசரால் வருகிறது. லொகின் ஒவ்வொன்றுக்கும் இந்த செட்டிங் தனித்தனி, அவவின் லொகினில் இன்னும் வின்டோஸ்தான் பிரிண்டரைத் தெரிவு செய்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. இப்போது அக்காவுக்கு டொட் மெட்ரிக்ஸ், மற்ற மூன்று பேருக்கும் லேசர்.

கல்முனைப் பக்கம்:
எங்களுக்குத் தாளில்தான் தொல்லை. தட்டு நிறைய ஏ4 இருக்கும், பிரிண்டர் லெட்டர் தாள் கேட்டு விளக்கை மினுக்கும். லெட்டர் 216×279 மி.மீ., அமெரிக்க அளவு. நாம் கடையில் வாங்குவது 210×297. பிரிண்டிங் பிரிஃபரன்சஸில் ஏ4 போட்டேன், என் லொகினில் மட்டும் சரியானது. எல்லாருக்கும் மாற வேண்டுமென்றால் பிரிண்டர் பிரொப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட், பிரிண்டிங் டிஃபோல்ட்ஸ் என்று உள்ளே போக வேண்டும். அட்மின் உரிமை இல்லாமல் அது விடாது. அந்தக் கடவுச்சொல் இடமாற்றத்தில் போன ஒருவரிடம் இருந்தது, வாங்கவே ஒரு கிழமை.

வாழைச்சேனை:
கூட்டுகிறபோது யூஎஸ்பி வயரைக் கழற்றி வேறு துளையில் செருகிவிட்டார்கள். அதே பிரிண்டர் 'கொப்பி 1' என்று இன்னொரு பெயரில் வந்து நின்றது. கொடுத்ததெல்லாம் பழைய பெயரிலேயே தேங்கிக் கிடந்தது. பழைய துளையிலேயே செருகினேன், எல்லாம் ஒரேயடியாகக் கொட்டியது.

மட்டக்களப்பு டவுன்காரன்:
கல்முனை அண்ணன், இப்போதுதான் பார்த்தேன், எங்கள் லேசரும் லெட்டரில்தான் இருந்திருக்கிறது. அடியில் ஒரு வரி வெட்டுப்படுகிறதென்று ஆறு மாதமாக மார்ஜினைக் கூட்டிக் கூட்டி அடித்தோம். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.