ஜெபத்தில் தூங்கிப் போன அம்மாக்கள் இங்கே சொல்லுங்கள்

நெல்லைக்காரி:
நடந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், பத்துக்குத் தொடங்கினால் முடிய இரண்டாகும். மகனுக்கு ஐந்து மாதம். பால் கொடுப்பதால் எனக்கு உபவாசம் இல்லை. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன், அதுவே ஒரு உறுத்தல். முந்தின இரவு அவன் ஐந்து தடவை எழுந்திருந்தான். முழங்கால் போட்டுத் தலையைக் குனிந்ததுதான் தெரியும், நெற்றி டொக்கென்று முன் பெஞ்சில் மோதியது.

பக்கத்தில் இருந்த பாட்டி என்னைப் பார்த்தார். "பிள்ளைய இங்க கொண்டா. நீ பின்னால வராந்தாவுல போய்ப் படு. உனக்கும் சேத்து நான் ஜெபிச்சுக்கிடுதேன்" என்றார்.

விழித்தபோது பாட்டுச் சத்தம் இல்லை. கன்னத்தில் கோரைப்பாய் வரி வரியாகப் பதிந்திருந்தது. சேலை முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. யாரோ ஸ்டாண்ட் ஃபேனைத் தூக்கி வந்து என் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். மணி மூன்று. எல்லாரும் போய்விட்டார்கள், பாட்டி மட்டும் படிக்கட்டில் என் மகனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

மத்தேயு 11:28-ஐ ஓய்வுநாள் பள்ளியில் ஒப்பித்துச் சோப்பு டப்பா பரிசு வாங்கியவள் நான். "இளைப்பாறுதல் தருவேன்" என்று இயேசு சொன்னது இதைத்தானா, இல்லை நான் ஆராதனையை ஏமாற்றிவிட்டேனா? அதைத்தான் கேட்கிறேன்.

அசனச் சமையல்:
ஏமாற்றவில்லை தங்கச்சி. எலியா தீர்க்கதரிசியை எடுத்துக்கொள். சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்தவரிடம் தூதன் எழுந்து ஜெபம் பண்ணு என்றா சொன்னான்? சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். 1 இராஜாக்கள் 19. பிரசங்கம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

என் கதை சின்னது. எங்கள் ஊர் அசனத்துக்கு, அதாவது கோவில் விருந்துக்கு, முந்தின நாள் இரவு, இடுப்பில் பெரியவள், வயிற்றில் சின்னவள், முன்னால் ஒரு மூட்டை கத்தரிக்காய். ஒலிபெருக்கியில் வெளியூர் பிரசங்கியார், "மார்த்தாளைப் போல அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்படாதீர்கள், மரியாளைப் போல இயேசுவின் பாதத்தில் உட்காருங்கள்" என்கிறார். அருவாமனையை நிறுத்தாமலே பக்கத்திலிருந்த அக்கா சொன்னார்: "அப்போ நாளைக்கு மதியம் இவுக எல்லாரும் மரியாளைச் சாப்பிடட்டும்." சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு இழுத்துக்கொண்டது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஓய்வு அந்தச் சிரிப்புதான்.

அதிகாலை நட்சத்திரம்:
சிஸ்டர்களுக்கு ஸ்தோத்திரம். என் முதல் பிள்ளை சமயத்தில் நானும் தூங்கியிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சரி என்று சொல்லிவிட்டால் நாளைக்கு ஜெபமே இருக்காது. ஒழுங்கு வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போனை அணைத்துவிடுங்கள். நாலரைக்கு அலாரம். மறுநாள் காய்கறியை ராத்திரியே நறுக்கி வையுங்கள். பிள்ளை எழுவதற்குள் ஒரு அதிகாரமாவது வாசித்துவிடலாம். நான் மாவு அரைக்கிற நாளில்கூட விட்டதில்லை. வாசிக்க முடியாவிட்டால் ஆடியோ பைபிளைப் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கலாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா பத்தொன்பது பிள்ளை பெற்றவர். ஜெபிக்க இடமில்லாமல் ஏப்ரனைத் தலையில் போட்டுக்கொண்டு ஜெபிப்பார் என்று சொல்வார்கள். தலையில் துணி கிடந்தால் அம்மாவைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம். பத்தொன்பது பெற்றவருக்கு முடிந்தது. நமக்கு ஒன்று, இரண்டு. வெள்ளிக்கிழமை போவதானால் முந்தின நாள் மத்தியானமே ஒரு தூக்கம் போட்டுவிடுங்கள். மாமியாரிடம் ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அசனச் சமையல்:
நாலரைக்கு அலாரமா! அவள் பிள்ளையே நாலரைக்குத்தான் கண்ணை மூடுகிறான். அப்புறம் அந்தப் பத்தொன்பதில் பெரியவர்களாக வளர்ந்தது பத்துப் பேர்தான் சிஸ்டர். மீதி ஒன்பதையும் அந்தத் தாய் அடக்கம் பண்ணினார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் வீட்டில் வேலைக்காரர்களும் இருந்தார்கள். 1709-ல் இங்கிலாந்தில் எப்வொர்த் ஊரில் அவர்கள் வீடு தீப்பிடித்தபோது சின்னப் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தவள் வேலைக்காரப் பெண். மாடியில் விடுபட்டுப்போன பிள்ளைதான் ஜான். ஏப்ரன் போடுகிற நேரத்தில் அடுப்பைப் பார்க்க ஒரு ஆள் இருந்தால் நானும் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொள்வேன்.

நைட் டியூட்டி:
நாங்கள் கத்தோலிக்கர்கள், எழுதலாம் இல்லையா? ஆஸ்பத்திரியில் நைட் முடித்துவிட்டு ஞாயிறு காலை ஏழு மணிப் பூசை. ஒன்றரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு பாதிப் பூசை வெளியே வேப்பமரத்தடியில்தான். திருவுடல் வாங்க உள்ளே போனால் அவள் அலற, ஒருத்தர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அடுத்த இரண்டு வாரம் போகவில்லை. ஒப்புரவுக்கு (பாவ அறிக்கைக்கு) போய், ஞாயிறு பூசைக் கடன் தவறியது என்றதும் ஃபாதர், "குழந்தை சின்னதா?" என்றார். ஆமாம் என்றேன். திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2181-ம் பத்தியைப் போய் வாசிக்கச் சொன்னார். நோய், கைக்குழந்தையைக் கவனிப்பது, இதெல்லாம் தக்க காரணம் என்றே அதில் எழுதியிருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் கத்தோலிக்கராக இருந்தும் எனக்கு யாரும் சொன்னதில்லை!

அதற்காக நான் போகாமல் இல்லை, மறுவாரமே போனேன். அதே மரத்தடிதான். ஆனால் அன்றைக்கு உட்கார்ந்தேன். அதுவரை நின்றுகொண்டே ஆட்டுவேன்.

ஜெபமாலையும் மூன்றாம் பத்துக்கு மேல் போனதில்லை. மீதியைக் காவல் தூதர் சொல்லிவிடுவார் என்பார் எங்கள் பாட்டி.

பாடகர் குழு பாஸ்:
ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. கிறிஸ்துமஸ் கேரல் ஒத்திகை முடிந்து பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். பாத்ரூம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வாளி நிரம்பி வழிகிறது, மனைவி தரையில் உட்கார்ந்து அழுகிறாள். சத்தம் கேட்கக்கூடாது என்றுதான் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள். நான் அன்றைக்குப் பாடிவிட்டு வந்ததே "பூமியில் சமாதானம்".

அசனச் சமையல்:
பிரதர், அப்புறம் என்ன பண்ணினீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பாடகர் குழு பாஸ்:
குழாயை மூடினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த வருஷம் கேரலுக்குப் போகவில்லை. அவள் எட்டு மணிக்கே தூங்கினாள்.

அதிகாலை நட்சத்திரம்:
நான் கண்டித்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் இரண்டாவது பிள்ளை சமயத்தில் ஒரு மாதம் பைபிளைத் திறக்கவே இல்லை, அந்தப் பயத்தில்தான் எழுதினேன். ஏசாயா 40:11-ல் கர்த்தர் "கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்" என்று இருக்கிறது. பால் கொடுக்கிற ஆடுகள். இன்று காலை கண்ணில் பட்டது. (நாலரைக்குத்தான்!)

நெல்லைக்காரி:
எல்லாவற்றையும் வாசித்தேன், ஒற்றைக் கையால்தான் தட்டுகிறேன். நேற்று அந்தப் பாட்டியைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்காக என்ன ஜெபித்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"எங்கிட்டு ஜெபிக்க? கண்ண மூடுனா ஒம்மவன் கண்ணாடியப் புடுங்குதான். அவனப் பாத்துக்கிட்டே இருந்தேன், மணி மூணாயிட்டு" என்றார்.

சரி, எழுந்துவிட்டான்.