நெடுங்கதையின் பத்திகளைப் போன் திரைக்காக உடைக்கலாமா?

கரிசல்காடு:
இணையத்தில் நீளமான கதை எதைப் போட்டாலும் முதல் மறுமொழி "பத்தி பெருசா இருக்கு, உடைச்சுப் போடுங்க" என்றுதான் வருகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. சாவு வீட்டில் ஒரு கிழவி விடாமல் புலம்புவதை ஒரே பத்தியாக எழுதுகிறேன் என்றால், அந்த மூச்சு முட்டல் வாசகனுக்கும் வரவேண்டும் என்பதற்காகத்தான். இரண்டு வரிக்கு ஒருதரம் என்டர் தட்டினால் அது துணுக்குச் செய்தி ஆகிவிடும்.

நிலாமுற்றம்:
அண்ணா, நீங்கள் கணினியில் எழுதுகிறீர்கள், நாங்கள் பஸ்ஸில் போனில் படிக்கிறோம். உங்களுக்கு ஏழெட்டு வரியில் முடிகிற பத்தி எங்களுக்குத் திரையைத் தாண்டி ஓடுகிறது. "சொல்லிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்ற ஒரு சொல்லே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். இறங்கி ஏறினால் எந்த வரியில் விட்டோம் என்று தெரிவதில்லை. பேச்சையாவது ஆளுக்கொரு வரியாகப் போடுங்கள்.

கரிசல்காடு:
பேச்சைத் தனி வரியில் போடலாம், சரி. புலம்பலை உடைக்க மாட்டேன். ஓலைச்சுவடியில் பத்தி ஏது? மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்காமல் எழுதினார்கள். படிக்கவில்லையா?

அச்சுக்கோப்பு:
சுவடியில் பெரும்பாலும் செய்யுள் ஐயா. எங்கே அடி முடிகிறது என்று எதுகையும் மோனையும் காட்டிக்கொடுக்கும். உரை கலந்த ஏடுகளில் மூலம் எது, உரை எது என்று பிரித்தெடுக்க உ.வே.சாமிநாதையரே எவ்வளவு சிரமப்பட்டார்! உரைநடைக்குக் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் வேண்டும்.

ஆனால் நிலாமுற்றம் சொல்கிற அலுப்புக்குப் பத்தி நீளம் மட்டும் காரணமில்லை. கரிசல்காடு, உங்கள் கதையில் ஒவ்வொரு வரியும் இடது, வலது இரண்டு ஓரத்தையும் தொடும்படி சமமாக இழுக்கப்பட்டிருக்கிறது. அச்சில் அது அழகு, ஏனென்றால் தமிழ்ச் சொல்லை வரிக் கடைசியில் கோடுகூட இல்லாமல் ஒடித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவோம். உலாவி பெரும்பாலும் ஒடிக்காது. நீளச் சொல் அப்படியே கீழே போய்விடும், மிஞ்சிய இரண்டு சொற்களுக்கு நடுவே பொந்து விழும். இடப்பக்கம் மட்டும் சீராக விடுங்கள்.

அடுத்தது வரி இடைவெளி. நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் கி, கீ போன்றவற்றின் வளைவும், கீழே கு, மூ எல்லாம் இறங்கும். ஆங்கிலத்துக்குச் செய்த வார்ப்புருவில் இவை அடுத்த வரியோடு முட்டிக்கொள்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கும் வலைப்பக்கம் எட்டவேண்டும் என்று வகுத்த டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் நெறிமுறையின் மேல்நிலையான ஏஏஏ, வரி இடைவெளி குறைந்தது 1.5 மடங்கு வேண்டும், இருபக்கச் சமன் கூடாது என்கிறது. தமிழுக்கு 1.7 வைத்துப் பாருங்கள். அதே புலம்பல், ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம்.

நிலாமுற்றம்:
இடைவெளி கூடினால் திரையில் இன்னும் குறைவாகத்தானே தெரியும்? பத்து பாகமாகப் பிரித்துத் தனித்தனிப் பதிவாகப் போடுவதுதான் நல்லது.

கரிசல்காடு:
அது ஆகாது தங்கச்சி. வாரப் பத்திரிகைத் தொடர்கதை அத்தியாயம்தோறும் ஒரு கொக்கியோடு முடியும்படி எழுதப்பட்டது. என் கதை ஒரே இருப்பில் படிக்க எழுதியது. நடுவில் "தொடரும்" போட்டால் அங்கே வேகம் செத்துவிடும். சமனையும் இடைவெளியையும் மாற்றிவிடுகிறேன். காட்சி மாறுகிற இடத்தில் நட்சத்திரம் போடுகிறேன், போதுமா?

உப்புக்காற்று:
நட்சத்திரம் வேண்டாம் அண்ணா. நான் பார்வையற்றவன், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானில் கதை கேட்கிறவன். துக்கமான காட்சி முடிந்ததும் என் போன் "நட்சத்திரம் நட்சத்திரம் நட்சத்திரம்" என்று வாசிக்கிறது. கிடைக்கோடு போடுகிற பொத்தான் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். எழுத்தைத் தடிமனாக்கி மட்டும் தலைப்பு போடாதீர்கள், வாசிப்பானுக்கு அது தலைப்பே இல்லை. இரண்டாம் நிலைத் தலைப்பு என்று பொருள்படும் ஹெச்2-ஐத் தேர்ந்தெடுத்து 1, 2, 3 என எண் கொடுத்தால் விட்ட பகுதிக்கு ஒரே தாவலில் போவேன். பஸ்ஸில் படிக்கிற அக்காவும் எந்த எண்ணில் விட்டோம் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம், கதையும் ஒரே பதிவாக இருக்கும். கதையைப் படமாக்கிப் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எனக்கு அது "படம்" என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோகிறது.

நிலாமுற்றம்:
எண் போட்டால் எனக்கும் போதும் தம்பி. ஆனால் ஒரு எண்ணுக்குள் ஒரே பத்திதான் என்றால் என் குறை அப்படியேதான் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.