மறு: ஃபார்மேட் – வடிவமைப்பா, தடமிடலா?

வணக்கம். கணினி வட்டை 'ஃபார்மேட்' செய்வதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> "வடிவமைப்பு" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, இன்னொரு சொல் எதற்கு?

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். பத்தி, பக்கம், எழுத்துரு எல்லாவற்றுக்கும் வடிவமைப்பு. டிசைனுக்கும் அதே சொல். வைஸ் (VICE) எமுலேட்டருக்கான, அதாவது பழைய கொமடோர் கணினிகளை இன்றைய கணினியில் போலச்செய்யும் நிரலுக்கான, உதவிக்குறிப்பில் "வட்டு வடிவமைக்கப்படுகிறது, காத்திருக்கவும்" என்று எழுதினால், ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் எதற்குக் காத்திருக்கிறோம் என்று யாருக்கும் விளங்காது. எமுலேட்டர் தொங்கிவிட்டது என்று நினைத்து மூடிவிடுவார்கள்.

கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியின் 1541 நெகிழ்வட்டு இயக்ககம் என்ன செய்கிறது என்று பாருங்கள். புது நெகிழ்வட்டில் தடம், அதாவது தரவு எழுதும் வட்டப் பாதை, என்று எதுவும் கிடையாது. இயக்ககம்தான் 35 தடங்களை ஒவ்வொன்றாக எழுதுகிறது. ஒவ்வொரு தடமும் செக்டர் என்ற துண்டுகளாகப் பிரியும்: வெளிப்பக்கத் தடங்களில் 21 செக்டர், உள்ளே போகப் போகக் குறைந்து கடைசித் தடங்களில் 17, மொத்தம் 683. வட்டு நிமிடத்துக்கு 300 முறை சுழல்கிறது, ஒரு சுற்றுக்கு 0.2 நொடி. அப்படியானால் 35 தடத்துக்கு 7 நொடி போதுமே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு தடத்திலும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து, செக்டர்களுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளியைக் கணக்கிட்டு, எழுதி, எழுதியதைப் படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதிப் படிக்கும் தலை அடுத்த தடத்துக்கு நகரும். தொடக்கத்தில் அது தடுப்பில் மோதி 'டகடக'வென்று சத்தம் போடுவது தனிக்கதை.

வைஸில் அசல் இயக்ககத்தை முழுமையாகப் போலச்செய்யும் தேர்வைப் போட்டால் 1541-இன் ரோமும் (அதில் நிரந்தரமாகப் பதிந்த நிரல்), உள்ளிருக்கும் 6502 செயலியும் அப்படியே ஓடும். தாமதமும் அப்படியே வரும். இது பிழை அல்ல. வார்ப் முறையை, அதாவது எமுலேட்டரை முழு வேகத்தில் ஓட்டும் வசதியை, இயக்கினால் சீக்கிரம் முடியும். தேர்வை அணைத்தால் கட்டளையை எமுலேட்டரே வாங்கி வட்டின் நகலான 174848 பைட் கோப்பில் நேராக எழுதிவிடும், கண் இமைக்கும் நேரம்தான்.

ஆகவே என் பரிந்துரை தடமிடல். தடமிடு, தடமிட்ட வட்டு, தடமிடாத வட்டு என்று இயல்பாக விரிகிறது. உரை ஃபார்மேட்டுக்கு வடிவமைப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

> "பாத்திகட்டல்" எப்படி?

படித்ததும் பிடித்துவிட்டது. வெறும் நிலத்தைப் பிரித்து, நடுவதற்கு ஆயத்தமாக்கும் வேலைதானே! ஆனால் 'டிராக்' என்பதைத் தடம் என்றே எல்லோரும் எழுதும்போது, வினையும் அதிலிருந்தே பிறந்தால் நல்லது. டிராக்கிங்குக்குத் தடமறிதல் இருப்பதால் குழப்பமும் வராது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. 1541-இல் 'என்' (N) என்ற ஃபார்மேட் கட்டளையோடு இரண்டெழுத்து அடையாளம் கொடுத்தால்தான் தடமிடல் நடக்கும். அடையாளத்தை விட்டுவிட்டால் 18-ஆம் தடத்தில் உள்ள கோப்புப் பட்டியலும் காலியிடக் குறிப்பும் மட்டும் புதிதாகும். பழைய தரவு வட்டிலேயே கிடக்கும். இதையும் 'விரைவு வடிவமைப்பு' என்று எழுதினால் வட்டு சுத்தமாக அழிந்துவிட்டது என்று ஆள் ஏமாறுவார். பட்டியல் நீக்கம் போதும்.

செக்டரை இப்போதைக்குச் செக்டர் என்றே விட்டிருக்கிறேன். 'வட்டத்துண்டு' மட்டும் வேண்டாம். கணிதப் பாடநூலில் அது செக்மென்ட்.