வீல் ஆர்ச்ல துரு, கதவுல சொட்டை: பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி என்னெல்லாம் பண்ணணும்?

ஞாயித்துக்கிழமை மெக்கானிக்:
எல்லாருக்கும் வணக்கம். பழைய செடான் ஒன்னு வச்சிருக்கேன், இன்ஜின் கியர்பாக்ஸ் எல்லாம் ஓகே, பாடிதான் பாக்கச் சகிக்கல. பின் வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேல வளைவா வர்ற தகரம்) ரெண்டுலயும் விளிம்போரமா பெயின்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி நிக்குது, ஒன்னை நகத்தால கிள்ளிப் பாத்தேன், உள்ள இருந்து பழுப்பா பொடி கொட்டுது. பின்கதவு ஒன்னுல உள்ளங்கை அகலத்துக்கு சொட்டை, அது நடுவுல நீளவாக்குல ஒரு மடிப்பு வேற விழுந்திருக்கு. அதே கதவோட அடி விளிம்புலயும் துரு ஆரம்பிச்சிருக்கு.

வீட்டுலயே பண்ணிடலாம்னு ஐடியா. கிரைண்டர் இருக்கு, டிரில் இருக்கு, கம்ப்ரஸர் கிடையாது, வெல்டிங் சுத்தமா தெரியாது. தேய்ச்சு, துரு கன்வர்ட்டர் அடிச்சு, பட்டி போட்டு, ஸ்ப்ரே கேன்ல பெயின்ட், இதுதான் பிளான். கன்வர்ட்டர் அடிச்சா துரு அப்படியே நின்னுடுமா? பட்டியை வெறும் தகரத்து மேல போடணுமா பிரைமர் மேல போடணுமா, ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க. சொட்டையை அடிச்சு எடுத்தே ஆகணுமா இல்ல பட்டியிலயே ரொப்பிடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

துருப்பிடிச்சவன்:
ஸ்ப்ரே கேனை இப்போதைக்கு மறந்துடுங்க ப்ரோ. கொப்புளம் எவ்வளவு பெருசா தெரியுதோ அதுதான் துருவோட அளவுன்னு நம்பிடாதீங்க, பெயின்ட்டுக்கு அடியில அது நாலாபக்கமும் ஊர்ந்து போயிருக்கும், அதுவும் வீல் ஆர்ச்ல பெரும்பாலும் துரு வெளியில இருந்து உள்ள போறதில்ல, உள்ள இருந்து வெளிய வர்றது. விளிம்பு மடிச்சிருக்கற இடத்துல ரெண்டு தகரத்துக்கு நடுவுல சேறும் ஈரமும் போய் உக்காந்துக்கும், அங்க சத்தமில்லாம தின்னுட்டு கடைசியாதான் பெயின்ட்டைத் தூக்கும். அதனால முதல்ல உள்பக்கம் பிளாஸ்டிக் லைனர் இருந்தா கழட்டிட்டு தண்ணி பீச்சி சேறை எல்லாம் எடுத்துட்டு, காஞ்சதும் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் முனையால கொப்புளம் இருக்கற இடத்தைச் சுத்தி குத்திக் குத்திப் பாருங்க. டங்குன்னு கெட்டியா நின்னா மேல் துருதான், பொதுக்குன்னு உள்ள போச்சுன்னா அங்க தகரம் இத்துப் போச்சு, அது வேற வைத்தியம்.

தேய்க்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சோப்புத் தண்ணி போட்டு கழுவி, வேக்ஸ் கிரீஸ் ரிமூவர் வச்சு துடைச்சிடுங்க, ஒரு துணியில நனைச்சுத் தேய்ச்சு அது காயறதுக்குள்ள இன்னொரு காஞ்ச துணியால எடுத்துடணும். இதை விட்டுட்டு நேரா தேய்ச்சா பழைய பாலிஷ்ல இருக்கற சிலிகான் எல்லாம் தேய்ச்ச கீறலுக்குள்ள போய் உக்காந்துக்கும், அப்புறம் பெயின்ட் அடிக்கும்போது வட்டம் வட்டமா குழி விழும்.

கிரைண்டர்ல கம்பி பிரஷ் போட்டா துரு பளபளன்னு ஆயிடும், அதைப் பாத்து ஏமாறாதீங்க. அது துருவை எடுக்கறதை விட மேலாக்க பாலிஷ் போடுது, நல்லா உத்துப் பாத்தா குண்டூசி முனை அளவுல கருப்புப் புள்ளி புள்ளியா குழிக்குள்ள இன்னும் இருக்கும். பெயின்ட் உரிக்கற ஸ்ட்ரிப் டிஸ்க் போட்டு மேல இருக்கறதை எடுத்துட்டு, குழிக்கு மட்டும் 80 நம்பர் உப்புத்தாள்ல போங்க, ஆனா ஒரே இடத்துல அழுத்திப் பிடிக்காதீங்க, கார் தகரம் 0.7, 0.8 மில்லிமீட்டர்தான், சூடேறினா நெளிஞ்சுக்கும், அதை நிமுத்தறது துருவை விடப் பெரிய தலைவலி. நாலு பக்கமும் நல்ல தகரம் வெள்ளையா தெரியற வரைக்கும் பெயின்ட்டைப் பின்னாடி தள்ளிக்கிட்டே போகணும்.

கன்வர்ட்டர் பத்தி கேட்டீங்க. குழிக்குள்ள மிஞ்சற அந்தக் கருப்புப் புள்ளிக்குத்தான் அது. பாஸ்பாரிக் ஆசிட் வகை துருவை இரும்பு பாஸ்பேட்டா மாத்தும், டானிக் ஆசிட் வகை கருநீலமா ஒரு படலம் ஆக்கும். பொருக்குப் பொருக்கா நிக்கற துரு மேல ஊத்தினா மேல் தோலை மட்டும் மாத்தும், அடியில அது பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டே இருக்கும். இன்னொன்னு, பாஸ்பாரிக் ஆசிட் போட்டுட்டு கழுவாம மேல எபாக்சி பிரைமர் அடிச்சா ஒட்டாது, நல்லா தண்ணி விட்டு அலசி உடனே காய வச்சுடணும், ஆசிட் காஞ்சு போச்சுன்னா மறுபடி கொஞ்சம் ஆசிட் தடவி ஈரமாக்கி அப்புறம் அலசுங்க.

டிங்கர் தாத்தா:
மேல தம்பி துருவைப் பத்தி நல்லா சொல்லிட்டாரு, நான் சொட்டைக்கு வர்றேன். பட்டியில ரொப்பறதுன்னா சொட்டை எவ்வளவு ஆழமோ அவ்வளவு கனத்துக்கு பட்டி நிக்கும், கதவு தினம் பத்து தடவை டமால்னு சாத்தறது, வெயில்ல தகரம் விரியும், பட்டி அதே அளவு விரியாது, ஓரமா விரிசல் விட்டு ஒரு நாள் சில்லாப் பேந்து வரும். தேய்ச்சு முடிச்ச பிறகு பட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல நிக்கக் கூடாதுன்னு வச்சுக்குங்க, அதை விடக் கம்மியா இருந்தா இன்னும் நல்லது. அதனால ஒடுக்கு எடுத்தே ஆகணும்.

கண்ணாடியை மேல ஏத்திட்டு, பேட்டரி வயரைக் கழட்டிட்டு கதவோட உள்பக்க டிரிம்மைக் கழட்டுங்க. சில வண்டியில கதவுக்குள்ள ஏர்பேக்குக்கான பிரஷர் சென்சார் இருக்கும், அதனாலதான் பேட்டரி சொன்னேன். உள்ள ஈரம் தடுக்கற ஷீட் ஒட்டியிருக்கும், கிழிக்காம எடுத்து வைங்க, திரும்ப ஒட்டலைன்னா மழைத்தண்ணி டிரிம்முக்குள்ளயே வரும்.

மடிப்பு விழுந்த சொட்டையை நடுவுல போய் ஒரே அடியா அடிச்சா நடுப்பக்கம் வெளிய துருத்தும், ஓரம் அப்படியே நிக்கும். கடைசியா மடங்கினதை முதல்ல பிரிக்கணும், அதாவது ஓரத்துல இருந்து நடுவுக்கு வரணும். மடிப்போட ரெண்டு முனையில ஆரம்பிச்சு உள்பக்கத்துல இருந்து டாலியை (கையில பிடிக்கற இரும்புக் கட்டி) அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, வெளிய அந்தப் பள்ளத்தைச் சுத்தி எம்பி நிக்கற மேட்டை சுத்தியலால தட்டுங்க. பள்ளத்தை உள்ள இருந்து தள்ளறதும் மேட்டை வெளிய இருந்து தட்டறதும் ஒன்னா நடக்கணும், அப்பதான் தகரம் தன் இடத்துக்குப் போகும். சுத்தியலும் டாலியும் நேருக்கு நேர் மோதற மாதிரி அடிச்சா தகரம் நசுங்கி நீளும், நீண்ட தகரம் கையை வச்சா டொக்குன்னு உள்ள போய் டொக்குன்னு வெளிய வரும், அதை மறுபடி சூடு காட்டி சுருக்கற வேலை வீட்டுல வேண்டாம்.

மேடு பள்ளம் கண்ணுல தெரியாது. உள்ளங்கையை விரிச்சு வச்சு, கைக்கும் தகரத்துக்கும் நடுவுல ஒரு மெல்லிய துணியைப் போட்டு நீளவாக்குல இழுத்துப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாததெல்லாம் கையில தெரியும். அதுக்கப்புறம் நீளமான கட்டையில 80 உப்புத்தாளைச் சுத்தி லேசா ஒரு இழுப்பு, மேடெல்லாம் வெள்ளையா மின்னும், பள்ளத்துல பழைய பெயின்ட் அப்படியே நிக்கும். பள்ளத்துக்கு பட்டி போட்டுக்கலாம், ஆனா மேட்டுக்கு மருந்தே கிடையாது, தட்டித்தான் இறக்கணும்.

ஞாயித்துக்கிழமை மெக்கானிக்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். ஸ்க்ரூடிரைவர் வச்சு குத்திப் பாத்தேன். ஒரு பக்க ஆர்ச் கெட்டியா இருக்கு, குழி மட்டும்தான். இன்னொரு பக்கம் கட்டை விரல் நுழையற அளவுக்கு பொத்தல் ஆயிடுச்சு, சுத்தியும் மெலிசா அமுங்குது. அப்புறம் கதவோட அடியில தண்ணி வடியறதுக்கு இருக்கற ஓட்டை ரெண்டும் சேறு காஞ்சு அடைஞ்சு கிடந்துச்சு, கம்பியால குத்தினதும் கலங்கலா தண்ணி ஒழுகுது.

ஈஸியா முடிப்போம்:
பொத்தலுக்கு ஃபைபர் மேட் ரெசின்ல நனைச்சு ஒட்டி மேல பட்டி போட்டுடுங்க பாஸ். தேய்ச்சா தெரியவே தெரியாது. எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

துருப்பிடிச்சவன்:
தெரியாதுதான், ஒரு மழைக்காலம் போற வரைக்கும். ஃபைபரை வெளிப்பக்கம் ஒட்டறோம், ஈரம் உள்பக்கம் இருந்து வருது, ஓரத்துல மிஞ்சின துரு நகர்ந்து ஃபைபர் பிடிச்சுக்கிட்டு இருக்கற தகரத்தையே தின்னுட்டா எதை நம்பி ஒட்டியிருக்கும்? விக்கறதுக்கு முன்னாடி பூசி மறைக்கறவங்க பண்ற வேலை அது. வண்டியை வச்சுக்கப் போறவங்க பண்ணக் கூடாது.

மெக்கானிக் ப்ரோ, அமுங்கற இடம் மொத்தத்தையும் வெட்டி எடுத்துட்டு புதுத் தகரம் வைக்கறதுதான் வழி. அந்த ஒரு வேலையை மட்டும் வெல்டிங் தெரிஞ்சவர்கிட்ட குடுங்க, வெட்டறது, தேய்க்கறது, பிரைமர் எல்லாம் நீங்களே பண்ணிக்கலாம். ஒரேயடியா இழுத்து வெல்டு பண்ணாம இங்க ஒரு பொட்டு அங்க ஒரு பொட்டுன்னு ஆறவிட்டு ஆறவிட்டு வைக்கணும், இல்லன்னா ஆர்ச்சே கோணிக்கும். பாரம் தாங்காத வெளித் தகரத்துக்கு மட்டும் பேனல் ஒட்டற பசை வச்சும் பண்ணலாம், பழைய தகரத்தோட ஓரத்தை ஒரு படி உள்ள இறக்கி புதுசை அது மேல ஏத்தி ஒட்டணும். ஆனா கதவுக்குக் கீழ ஓடற சில், சேஸிஸ், சஸ்பென்ஷன் மாட்டற இடம், சீட் பெல்ட் போல்ட் இருக்கற இடம், இங்கல்லாம் இத்துப் போயிருந்தா பசையும் கிடையாது பட்டியும் கிடையாது. ஆர்ச்சோட உள் தகரத்தையும் ஒரு தடவை குத்திப் பாத்துடுங்க.

நிறைய வண்டியில பெட்ரோல் ஊத்தற குழாய் ஒரு பக்க பின் ஆர்ச்சுக்கு உள்ளதான் போகும், கிரைண்டர் பொறி பறக்கறதுக்கு முன்னாடி அது எந்தப் பக்கம்னு பாத்துக்குங்க. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வச்சு துடைச்ச இடத்துல வெல்டிங் வைக்கவே கூடாது, சூட்டுல பாஸ்ஜீன்னு விஷ வாயு வரும்.

பட்டி பாண்டி:
பட்டி தகரத்து மேலயா பிரைமர் மேலயான்னு யாருமே சொல்லலையே. ரெண்டும் சரிதான், அதனாலதான் சண்டை ஓயவே மாட்டேங்குது. 80 நம்பர்ல கீறின சுத்தமான தகரத்து மேல பாலியஸ்டர் பட்டி நல்லாவே பிடிக்கும், ரொம்ப காலமா அப்படித்தான் போட்டுட்டு இருக்காங்க. ஆனா துரு எடுத்த இடத்துக்கு நான் எபாக்சி பிரைமர் முதல்லன்னுதான் சொல்லுவேன், ஏன்னா தேய்ச்ச தகரம் காத்துல இருக்கற ஈரத்துக்கே அன்னிக்கே மங்க ஆரம்பிச்சிடும், வெறும் கையால தொட்டா விரல் ரேகை அப்படியே துருவா எழும்பும். தேய்ச்ச அன்னிக்கே எபாக்சி அடிச்சுட்டா அப்புறம் நிதானமா பட்டி வேலை பாக்கலாம். கம்ப்ரஸர் இல்லாட்டியும் ரெண்டு பார்ட் எபாக்சி கேன்லயே வருது, அடியில பொத்தானை அழுத்தினா ஹார்டனர் (இறுக வைக்கற மருந்து) உள்ள கலக்கும், கலந்துட்டா எடுத்து வச்சுக்க முடியாது, அதனால எல்லா இடத்தையும் தயார் பண்ணிட்டு அழுத்துங்க. டப்பாவுல போட்டிருக்கற நேரத்துக்குள்ள பட்டி போட்டா நேரா போடலாம், நேரம் தாண்டிட்டா 180ல ஒரு கீறல் குடுத்துட்டு போடுங்க.

எது தப்புன்னா, எட்ச் பிரைமர் மேல பட்டி போடறது, அதுல இருக்கற ஆசிட் பட்டியோட ஒத்துக்காது. சாதா ஸ்ப்ரே பிரைமர், ரெட் ஆக்சைடு மேலயும் வேண்டாம், பட்டியில இருக்கற ஸ்டைரீன் அதை இளக்கி விட்டுடும், மொத்தமா உரிஞ்சு வரும்.

பட்டியோட எடைக்கு ஹார்டனர் 2 சதவீதம் வாக்குல. சீக்கிரம் காயட்டும்னு அதிகமா போட்டா ஹார்டனர்ல இருக்கற பெராக்சைடு மிஞ்சி பெயின்ட் வழியா கறையா எழும்பும், கம்மியா போட்டா பிசுபிசுன்னு கிடக்கும், உப்புத்தாள்தான் அடைச்சுக்கும். அட்டை மேல கலக்காதீங்க, அட்டை ரெசினைக் குடிச்சிடும், வழவழன்னு ஒரு பிளாஸ்டிக் பலகை போதும். கிண்டாம அழுத்தி அழுத்தி மடிச்சுக் கலக்குங்க, கிண்டினா காத்து புகுந்து தேய்க்கும்போது ஊசி ஓட்டையா வரும். கோடு கோடா இல்லாம ஒரே கலரா வந்ததும் உடனே போட்டுடணும், சில நிமிஷத்துல இறுகிடும்.

தேய்க்கறது எப்பவும் கட்டை வச்சுதான், விரலால தேய்ச்சா விரல் போன தடம் பளபளப்புல தெரியும். பட்டியை தண்ணி விட்டுத் தேய்க்காதீங்க, அது ஈரத்தை உறிஞ்சி உள்ளயே வச்சுக்கும், அதுக்கா இவ்வளவு துருவை எடுத்தோம்? 80ல வடிவம், 180ல அந்தக் கீறலை எடுக்கறது, 320 வரைக்கும் போய் பழைய பெயின்ட் ஓரத்தையும் சரிவா இறக்கணும், நகத்தை வச்சு இழுத்தா தட்டவே கூடாது. 80 கீறலை பிரைமர் மூடிடும்னு விட்டா மூடத்தான் செய்யும், பிரைமர் காஞ்சு சுருங்கினதும் கோடு திரும்ப வரும். பில்லர் பிரைமர் (சின்னச் சின்னக் கீறலை ரொப்பற கெட்டி பிரைமர்) அடிச்சு நல்லா காஞ்சதும் மேல கருப்பு ஸ்ப்ரேயை தூரத்துல இருந்து தூவின மாதிரி அடிச்சுட்டு கட்டை வச்சுத் தேய்ங்க. கருப்பு எங்க மிஞ்சுதோ அங்க பள்ளம். பிரைமரை தண்ணி விட்டுத் தேய்க்கலாம், ஆனா எங்கயாவது அடி பட்டி வெளிய தெரிஞ்சா அங்க தண்ணி வேண்டாம். சாதா கலருக்கு 600, மெட்டாலிக்னா 800.

டிங்கர் தாத்தா:
மூச்சுக்கும் கண்ணுக்கும் ஒரு வார்த்தை. கம்பி பிரஷ்ல இருந்து கம்பி தெறிக்கும், கண்ணாடி இல்லாம ஆன் பண்ணாதீங்க. பட்டித் தூசுக்கு என்95 மாதிரி மாஸ்க் போதும். ஆனா ஹார்டனர் கலந்த டூகே கிளியர் (கலருக்கு மேல கடைசியா அடிக்கற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடிக்கறதுக்கு அது பத்தவே பத்தாது, அதுல ஐசோசயனேட் இருக்கு, ஒரு தடவை உடம்புக்கு அது ஒத்துக்காம போயிடுச்சுன்னா அப்புறம் லேசா பட்டாலே ஆஸ்துமா வரும். சுத்தமான காத்து வெளிய இருந்து வர்ற மாஸ்க் வச்சுதான் அடிக்கணும். வீட்டுல அது முடியாதுன்னா கிளியரை மட்டும் பெயின்ட் பூத் இருக்கறவங்ககிட்ட விட்டுடறது மேல்.

ஞாயித்துக்கிழமை மெக்கானிக்:
பொத்தலை வெட்டி வெல்டிங் குடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். உள்பக்கத்துக்கு துரு வராம வேக்ஸ் அடிப்பாங்களே, அதை எப்ப அடிக்கணும், வெல்டிங் முடிஞ்ச உடனேவா?

துருப்பிடிச்சவன்:
இல்ல, பெயின்ட் எல்லாம் முடிஞ்சு காஞ்ச பிறகு. முன்னாடியே அடிச்சா இடுக்கு வழியா கசிஞ்சு வெளிய வந்து பெயின்ட் ஒட்ட விடாது. வெல்டிங் முடிஞ்சதும் உள்பக்கம் கை எட்டற இடத்துக்கு எபாக்சி, மடிப்புக்கும் ஜாயிண்டுக்கும் சீம் சீலர் (இடுக்கை அடைக்கற பசை). வேக்ஸை நீள டியூப் போட்ட கேன்ல கடைசியா ஆர்ச்சுக்குள்ளயும் கதவு அடியிலயும் அடிங்க, அடிச்சு முடிச்சதும் அந்த வடியற ஓட்டை ரெண்டையும் கம்பி விட்டுத் திறந்து விட மறந்துடாதீங்க, வேக்ஸே அதை அடைச்சிடும்.